விளையாட்டில் பத்து: ஓர் எண்ணின் ஏற்றமும் தேய்வும்

1958 ஜூன் 29 அன்று சுவீடனில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு இறங்கிய பிரேசில் அணியை முதுகு எண்களை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பமே மிஞ்சும். கோல்கீப்பர் ஜில்மாரின் எண் 3. வலது ஓரத்தில் ஆடிய கரிஞ்சாவுக்கு 11, இடது ஓரத்து ஜகாலோவுக்கு 7. அன்றைய வழக்கப்படி இந்த இரண்டும் இடம் மாறி இருந்திருக்க வேண்டும். பிரேசில் சங்கம் வீரர் பட்டியலை எண்கள் இல்லாமல் அனுப்பிவிட்டது, போட்டி அமைப்பாளர் தரப்பில் ஒருவர் தமக்குத் தோன்றியபடி நிரப்பினார் என்று கால்பந்து வரலாற்றில் சொல்லப்படுகிறது. அந்த நிரப்பலில் பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்குப் பத்து விழுந்தது. பெலே அன்று இரண்டு கோல் அடித்தார். பிரேசில் 5-2 என்று வென்றது. முதல் இரண்டு ஆட்டங்களில் காயத்தால் வெளியே இருந்தவர், அந்தத் தொடரை ஆறு கோல்களோடு முடித்தார்.

அதற்கு முன்பு பத்துக்குத் தனிப் பெருமை கிடையாது. 1928 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஆர்செனலும் செல்சியும் சட்டையில் எண் போட்டு ஆடிப் பார்த்தபோது, எண் என்பது களத்தில் நிற்கும் இடத்தின் பெயர், அவ்வளவுதான். கோல்கீப்பர் 1, பின்காப்பாளர்கள் 2, 3, நடுவரிசை 4 முதல் 6 வரை, முன்வரிசையில் வலமிருந்து இடமாக 7 முதல் 11 வரை. இந்தக் கணக்கில் பத்து என்பது இடதுபக்க உள்முன்னணி வீரரின் இடம். அந்த இடத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் பெலேக்கு முன்பும் இருந்தார்கள். 1953இல் வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று நொறுக்கிய ஹங்கேரி அணியில் புஷ்காஷ் அணிந்ததும் 10தான். ஆனாலும் புஷ்காஷின் எண் என்று அதை யாரும் கொண்டாடவில்லை. 1958க்குப் பிறகுதான் எண் இடத்தைவிட்டு ஆளோடு ஒட்டிக்கொண்டது.

தற்செயல் அதோடு நிற்கவில்லை. 1978இல் அர்ஜென்டினா தன் வீரர்களுக்குப் பெயரின் அகர வரிசைப்படி எண் கொடுத்தது. அந்த வரிசையில் பத்தாவதாக வந்தவர் மரியோ கெம்பெஸ். அவர் ஆறு கோல் அடித்து, கோப்பையையும் தன் நாட்டுக்கு வாங்கித் தந்தார். 1982இலும் அதே அகர வரிசைதான். ஆனால் இம்முறை ஒரு விதிவிலக்கு செய்தார்கள். வரிசையை மீறி மாரடோனாவுக்குப் பத்து தரப்பட்டது, கெம்பெஸ் அணிந்தது 11. என் பார்வையில் பத்தின் வரலாறு திரும்பும் இடம் இதுதான். நான்கே ஆண்டுகளுக்கு முன் எழுத்து வரிசை எறிந்துவிட்டுப் போன எண்ணை, இப்போது ஒரு நாடு தெரிந்தே எடுத்து ஒருவர் கையில் கொடுக்கிறது. 1986இல் மாரடோனா அந்த எண்ணோடு செய்ததை உலகம் அறியும். 2002 உலகக் கோப்பைக்குப் பத்தை யாருக்கும் தராமல் நிறுத்திவைக்க அர்ஜென்டினா விரும்பியபோது, 1 முதல் 23 வரை எல்லா எண்ணும் இருந்தாக வேண்டும் என்று ஃபிஃபா மறுத்துவிட்டது. ஓர்டேகா அதை அணிந்தார். பிறகு மெஸ்ஸி. பெண்கள் கால்பந்தில் பிரேசிலின் மார்ட்டா அதே எண்ணோடு உலகக் கோப்பைகளில் 17 கோல் அடித்தார்.

கால்பந்திலிருந்து அந்த எண் மற்ற ஆட்டங்களுக்கும் நடந்து போனது. டெண்டுல்கர் ஒருநாள் ஆட்டங்களில் அணிந்த பத்தை, அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2017 ஆகஸ்டில் கொழும்பில் ஷர்துல் தாக்கூர் அணிந்து அறிமுகமானார். ரசிகர்களின் கோபம் எப்படி இருந்ததென்றால், அவர் எண்ணையே மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்பதே என் எண்ணம். வேகப்பந்து வீச வந்த ஓர் இளைஞர் மட்டையாளர் ஒருவரின் புகழை எப்படிக் குறைத்துவிட முடியும்? ஆனால் ஓர் எண் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

நான் இங்கே சொல்ல வருவது இதுதான். பத்து எங்கெல்லாம் யாரும் திட்டமிடாமல் வந்து சேர்ந்ததோ அங்கெல்லாம் அது வளர்ந்திருக்கிறது. எங்கெல்லாம் விதி எழுதியவர்கள் நிறைவின் முத்திரையாக அதை உச்சியில் வைத்தார்களோ அங்கெல்லாம் அது தேய்ந்திருக்கிறது.

திட்டமிடாத பத்துக்குக் கூடைப்பந்து எளிய சான்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டிய இடம் உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடி. அது தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. மாடம் ஒன்பதடியில் இருந்திருந்தால் கூடையும் ஒன்பதடியில்தான் இருந்திருக்கும். ஆட்டக்காரர்களின் உயரமும் தாவும் திறனும் எவ்வளவோ மாறிவிட்டன. வளையம் இன்றும் அதே 3.05 மீட்டரில் இருக்கிறது. குத்துச்சண்டையின் பத்து விநாடி எண்ணிக்கை வேண்டுமென்றே வைத்த விதிதான், 1867இன் குவீன்ஸ்பெரி விதிகளில் வந்தது. அது நிலைத்ததற்குக் காரணம், அந்தப் பத்து யாரையும் புகழவில்லை. விழுந்தவர் எழுவதற்கு ஓர் அவகாசம், அதற்குமேல் அதற்கு உரிமை கோரல் இல்லை. 1927இல் சிகாகோவில் டெம்ப்சி அடித்து வீழ்த்திய டன்னிக்குப் பத்தைத் தாண்டிய விநாடிகள் கிடைத்தன, டெம்ப்சி உடனே நடுநிலை மூலைக்குப் போகாமல் எண்ணிக்கை தாமதமானதால். எழுந்த டன்னி வென்றார். அந்த எண்ணிக்கை சரியா என்ற வாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. நம் கபடி லீக்கில் ஒரே ஆட்டத்தில் பத்துப் புள்ளி எடுக்கும் ரெய்டருக்கு ‘சூப்பர் 10’ என்று பட்டம் கொடுக்கிறார்கள். அது இளையது, வேர்விடுமா என்று சொல்லக் காலம் போதவில்லை.

இனி உச்சியில் வைக்கப்பட்ட பத்துக்கு வருவோம்.

1976 ஜூலை 18, மாண்ட்ரியால் ஒலிம்பிக். ருமேனியாவின் பதினான்கு வயது ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனெச்சி ஏற்றத்தாழ்வுக் கம்பிகளில் தன் ஆட்டத்தை முடித்ததும் மின்பலகையில் 1.00 என்று வந்தது. பலகைக்கு 9.99க்கு மேல் காட்டத் தெரியாது. இந்தக் காட்சி அடிக்கடி சொல்லப்படுவது. அதில் பலரும் கவனிக்காமல் விடுவது, அந்தப் பலகை சொல்லும் உண்மை: அளவுகோலை வகுத்தவர்கள் அதன் உச்சிக்கு யாரும் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பத்து என்பது எட்டுவதற்காக வைக்கப்படவில்லை, அண்ணாந்து பார்ப்பதற்காக வைக்கப்பட்டது. அதே ஒலிம்பிக்கில் நாடியாவே ஏழு பத்துகள் வாங்கினார். சோவியத்தின் நெல்லி கிம்முக்கு இரண்டு. முதல் பத்து விழுந்த கையோடு அடுத்தடுத்து எட்டு. 1984, 1988 ஒலிம்பிக்குகளில் பத்துகள் இன்னும் பெருகின. இதில் ஆட்டக்காரர்களின் குற்றம் எதுவும் இல்லை. உச்சவரம்பு நகராமல் நிற்க, மனித உடல் நகர்ந்துகொண்டே இருந்தது. நாடியாவின் ஆட்டத்தைவிடக் கடினமானதைச் செய்பவருக்கும் அதே பத்துதான் கொடுக்க முடியும் என்றால், நடுவர் எதைக் கொண்டு பிரித்துக் காட்டுவார்? விதிகளை இறுக்கினார்கள். 1992 பார்சிலோனாவில் சீனாவின் லு லிக்கும் ருமேனியாவின் லவீனியா மிலோஷோவிச்சுக்கும் கிடைத்தவைதான் ஒலிம்பிக்கின் கடைசிப் பத்துகள்.

முறையை முறித்துப்போட்டது 2004 ஏதென்ஸ். தென்கொரியாவின் யாங் டே-யங் இணைக் கம்பிகளில் செய்த ஆட்டத்தின் தொடக்க மதிப்பு 10.0 என்று இருந்திருக்க வேண்டும், நடுவர்கள் 9.9 என்று குறித்துவிட்டார்கள். அவருக்கு வெண்கலம். தங்கம் வாங்கிய அமெரிக்கர் பால் ஹாமுக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.049 புள்ளி. பிழையை ஒப்புக்கொண்டு நடுவர்களை இடைநீக்கம் செய்தார்கள், பதக்கத்தை மாற்றவில்லை. இதையடுத்து 2006இல் சர்வதேசக் கூட்டமைப்பு பழைய அளவுகோலையே எடுத்துவிட்டது. கடினத்துக்குத் தனி மதிப்பெண், அதற்கு மேல்வரம்பில்லை. செய்நேர்த்திக்குத் தனியாக, பத்திலிருந்து கழித்து.

இந்த மாற்றம் எவ்வளவு நியாயமானது என்பதை நமக்குக் காட்டியவர் திரிபுராவின் தீபா கர்மாகர். 2016 ரியோவில் அவர் தேர்ந்தெடுத்த புரோதுனோவா வால்ட்டின் கடின மதிப்பு 7.0, அந்தக் களத்தின் மிகக் கடினமான தாவல்களில் ஒன்று. அவருடைய சராசரி 15.066; வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் ஸ்டைங்ரூபருக்கு 15.216. பழைய முறையில் இருந்திருந்தால் அவர் எடுத்த ஆபத்துக்கு எண்ணில் இடமே இருந்திருக்காது. ஆனால் இழப்பு ஒன்றும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அன்றிரவு தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்த கோடிக்கணக்கானவர்களுக்கு 15.066 என்பது நல்லதா, மிக நல்லதா என்று தெரியவில்லை. பத்துக்கு 9.8 என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் பத்தை இன்னும் கைவிடாததற்குக் காரணம் அதுதான். 2019இல் கேட்லின் ஓஹாஷியின் தரை ஆட்டம் உலகெங்கும் பரவியபோது, அதைப் பார்த்தவர்களுக்கு விதிப்புத்தகம் தேவைப்படவில்லை. அங்கே மகிழ்ச்சி அதிகம். ஒலிம்பிக்கில் நியாயம் அதிகம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், உயிரைப் பணயம் வைத்துத் தாவுகிற பெண்ணின் பக்கம்தான் நான் நிற்பேன்.

துப்பாக்கி சுடுதலிலும் இதே கதை, ஆனால் சண்டையில்லாமல் நடந்தது. பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. சுடும் குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். அப்படியிருந்தும் அறுபது குண்டுகளையும் பத்தில் இறக்குபவர்கள் வந்துவிட்டார்கள். ஆகவே பத்துக்குள்ளேயே பத்துப் படிகள் வெட்டினார்கள், 10.0 முதல் 10.9 வரை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்தின் ஹாக்கினெனோடு சமநிலையில் இருந்தார். அவர் சுட்டது 10.8, மற்றவர் 9.7. அன்று இறுதிச்சுற்றுக்கு மட்டும் இருந்த தசமக் கணக்கு, 2013 முதல் ஏர் ரைபிள் தகுதிச்சுற்றுக்கும் வந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இன்று அறுபது குண்டு சுட்டால் அவருக்குமுன் உள்ள உச்சம் 600 அல்ல, 654. வெறும் பத்து வாங்கினால் பின்தங்கிவிடுவார். வில்வித்தையிலும் பத்தாம் வளையத்துக்குள் இன்னொரு சிறுவளையம் சமநிலையைத் தீர்க்கக் காத்திருக்கிறது.

நூறு மீட்டர் ஓட்டத்தின் பத்து விநாடி இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. மீட்டர் பூமியின் அளவிலிருந்து வந்தது, விநாடி பூமியின் சுழற்சியிலிருந்து வந்தது. இரண்டையும் வகுத்தவர்கள் மனிதக் காலை நினைக்கவில்லை. நூறு மீட்டருக்குப் பத்து விநாடி என்ற ஒற்றுமை மனித வேகத்தின் விளிம்பில் வந்து விழுந்தது முழுத் தற்செயல். ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு முன்பிறவி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஓடிய தூரம் நூறு கெஜம், அதாவது 91.44 மீட்டர். அதைப் பத்து விநாடியில் முடிப்பதே அக்கால ஓட்டக்காரரின் தரச்சான்று. 1890களிலேயே அது உடைந்துவிட்டது. தூரம் கெஜத்திலிருந்து மீட்டருக்கு மாறியதும் அதே பத்து எட்டரை மீட்டர் தள்ளி மறுபடி எழுந்து நின்றது.

1960 ஜூனில் சூரிச்சில் ஜெர்மனியின் ஆர்மின் ஹாரி ஓடிய 10.0 ஓட்டத்தைப் புறப்பாட்டில் பிழை என்று ஏற்க மறுத்தார்கள்; சற்று ஓய்ந்து மறுபடி ஓடி அதே 10.0 எடுத்தார். அது கைக்கடிகாரக் காலம். மின்கடிகாரத்தில் முதலில் பத்துக்குள் வந்தவர் ஜிம் ஹைன்ஸ், 1968 அக்டோபரில், கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில், 9.95. காற்று மெலிந்த அந்த உயரத்தில் பிறந்த சாதனை ஏறத்தாழ 15 ஆண்டுகள் நின்றது. 2009இல் போல்ட் 9.58க்குக் கொண்டுபோனார். இன்று பத்துக்குள் ஓடிய ஆண்கள் நூற்றைம்பதுக்கு மேல். உலக அளவில் அது செய்தியே அல்ல. (பெண்களுக்கு இதே இடத்தில் நிற்பது 11 விநாடி, அதையும் நூற்றுக்குக் குறையாதவர்கள் தாண்டிவிட்டார்கள்.)

ஆனால் நாடு நாடாகப் பார்த்தால் சுவர் இன்னும் நிற்கிறது. ஜப்பானின் கோஜி இட்டோ 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஓடிய நேரம் 10.00. நூறில் ஒரு பங்கு விநாடி. அதைக் கடக்க அந்த நாட்டுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன. 2013இல் உயர்நிலைப் பள்ளி மாணவராக 10.01 ஓடிய யோஷிஹிதே கிரியூ, ஒவ்வொரு பந்தயத்திலும் கேமராக்கள் தொடர, நான்காண்டு கழித்து 9.98 எடுத்தார். அதற்குள் சீனாவின் சு பிங்டியான் 2015இல் 9.99 ஓடி முந்திவிட்டார். தெற்காசியாவின் முறை 2022 ஜூலை 3 அன்று வந்தது. சுவிட்சர்லாந்தில் இலங்கையின் யுபுன் அபேகோன் 9.96. இந்த வட்டாரத்தில் பிறந்த ஒருவர் பத்துக்குள் ஓடிய முதல் தடவை அது. இந்தியாவில் அதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். அடுத்த மாதமே காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் வென்றார். இந்தியாவின் அனிமேஷ் குஜுர் 2025 ஜூலையில் எட்டியது 10.18.

கடைசியாகக் கிரிக்கெட். ஓர் இன்னிங்ஸில் பத்து விக்கெட் என்பதை யாரும் இலக்காக வைக்கவில்லை. பதினொருவர் அணியில் துணையில்லாமல் ஒருவர் மட்டையடிக்க முடியாது, ஆகவே பத்து விழுந்தால் இன்னிங்ஸ் முடிகிறது. இந்தக் கழித்தல் கணக்கு உண்டாக்கிய உச்சத்தை யாரும் தாண்ட முடியாது, தசமமாகப் பிரிக்கவும் முடியாது. 2,500க்கும் மேற்பட்ட டெஸ்ட்டுகளில் மூவரே அதைத் தொட்டிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு அரிது? ஒருவரின் திறமை போதாது, மறுமுனையில் வீசுபவருக்கு ஒன்றுமே விழாமல் இருக்க வேண்டும். 1956 ஜூலையில் ஓல்ட் டிராஃபோர்டில் ஜிம் லேக்கர் ஆஸ்திரேலியாவின் 20 விக்கெட்டுகளில் 19ஐ எடுத்தார். இரண்டாம் இன்னிங்ஸில் 53 ரன்னுக்குப் பத்து. மறுமுனையில் வீசிய டோனி லாக்கும் தேர்ந்த சுழற்பந்து வீச்சாளர். அதே ஆடுகளம், அதே ஈரம், 69 ஓவர், கிடைத்தது ஒரே விக்கெட். லேக்கரின் சாதனையைச் சொல்லும்போதெல்லாம் லாக்கின் அந்த 69 ஓவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அனில் கும்ப்ளேயின் பத்து 1999 பிப்ரவரி 7 அன்று டெல்லியில். அதற்கு ஒரு வாரம் முன்புதான் சேப்பாக்கத்தில் டெண்டுல்கரின் 136ஐயும் மீறிப் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்று, சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியிருந்தார்கள். டெல்லியில் 420 என்ற இலக்கை நோக்கி அன்வரும் அஃப்ரிதியும் விக்கெட் இழப்பின்றி 101 வரை போனார்கள். பிறகு 207க்குள் எல்லாம் முடிந்தது, 26.3 ஓவர், 74 ரன், பத்து விக்கெட். ஒன்பது விழுந்த பிறகு ஸ்ரீநாத் தனக்கு விக்கெட் விழுந்துவிடக் கூடாதென்று ஸ்டம்புகளைவிட்டு வெகு விலக்கி வீசினார். ஒரு சர்வதேசப் பந்துவீச்சாளர் தன் தொழிலுக்கு நேர்மாறாக ஓர் ஓவர் முழுக்கப் பாடுபட்டதும் அந்தப் பத்தின் ஒரு பகுதிதான். மூன்றாவது, மும்பையில் பிறந்து நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்த அஜாஸ் படேல், 2021 டிசம்பரில் அதே மும்பையில் 119க்குப் பத்து. அவருடைய அணி 62க்குச் சுருண்டு 372 ரன்னில் தோற்றது. அடுத்த உள்நாட்டுத் தொடருக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

விளையாட்டு உலகின் பத்துகளில் மிக அரியது எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். முத்தையா முரளிதரன் இருமுறை அதன் வாசல்வரை போனார். 1998இல் ஓவலில் இங்கிலாந்தின் ஒன்பது விக்கெட்டை அவர் எடுக்க, மீதி ஒருவரான அலெக் ஸ்டூவர்ட் ரன் அவுட் ஆனார். 2002 ஜனவரியில் கண்டியில் ஜிம்பாப்வேயின் ஒன்பது விக்கெட் முதல் நாளிலேயே அவர் கைக்கு வந்தது. மறுநாள் காலை அவர் பந்தில் ஷார்ட் லெக்கில் வந்த கேட்ச்சை ரசல் அர்னால்ட் தவறவிட்டார், கடைசி விக்கெட் சமிந்த வாஸுக்குப் போனது. முரளிதரன் 133 டெஸ்ட்டுகளில் 800 விக்கெட் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் பத்து அல்லது அதற்கு மேல் 22 முறை எடுத்தார், வேறு எவரும் அவ்வளவு எடுத்ததில்லை. ஒரே இன்னிங்ஸில் பத்து அவருக்கு ஒருமுறையும் வாய்க்கவில்லை.